குறுவாள் ஏந்தும் மூன்று வழிகள்: இடக்கைக்கு என்ன வேலை?

ஜப்பானிய வாட்கலையில் குறுவாள் என்றதும், இரு கைகளிலும் ஒரே அளவுள்ள இரண்டு குறுவாள்களைச் சுழற்றும் வீரனே இன்று பலர் மனத்தில் தோன்றுகிறான். அசைபடங்களும் கணினி விளையாட்டுகளும் பதித்த உருவம் அது. பழைய வாட்பள்ளிகளிலோ குறுவாள் பெரும்பாலும் தனியாக வருகிறது, அல்லது நெடுவாளுக்குத் துணையாக வருகிறது. வலக்கை எந்த வாளைப் பிடிக்கிறது என்பதைவிட, இடக்கைக்கு என்ன வேலை தரப்படுகிறது என்பதே இந்த மூன்று வழிகளையும் பிரிக்கிறது என்று நான் கருதுகிறேன்.

ஒற்றைக் குறுவாளை முதலில் பார்ப்போம். கொடாச்சி எனப்படும் குறுவாளின் அலகு, அதாவது வெட்டும் பகுதி, ஷாக்கு என்னும் ஜப்பானிய நீள அளவில் 2க்குக் குறைவானது. அதாவது ஏறத்தாழ 60 செ.மீ.க்குள் அடங்குவது. 16ஆம் நூற்றாண்டில் வாள்வீரர் தோதா செய்கென் இதில் பெயர் பெற்றார். ஜப்பானிய வாள் விளையாட்டான கெண்டோவுக்கு 1912இல் வகுக்கப்பட்ட படிவங்கள் (இருவர் செய்யும் வரையறுத்த பயிற்சி அசைவுகள்) பத்தில் கடைசி மூன்றும் குறுவாளுக்கு உரியவை. பயிற்சியில் நெடுவாளுக்கான மரவாள் சுமார் 102 செ.மீ., குறுவாளுக்கானது சுமார் 55 செ.மீ. என்பதால், ஏறத்தாழ ஒன்றரை அடிக் குறையோடுதான் குறுவாள்காரர் களத்தில் நிற்கிறார். அந்தக் குறையை அவர் உடலால் ஈடுசெய்கிறார்: பக்கவாட்டில் திரும்பி, வலத் தோளை முன்னே தள்ளி நிற்கிறார். குறுவாளின் இரண்டாம் படிவத்தில், தலையை நோக்கி இறங்கும் நெடுவாளைக் குறுவாளின் பக்கவாட்டில் வாங்கிச் சரியவிட்டபடியே இடமுன்னாக விலகி, எதிராளியின் தலையில் அடிக்கிறார். அடித்த கையோடு, இடக்கையால் அவருடைய வலக்கையை முழங்கைக்குச் சற்று மேலே பிடித்து அடக்கி, வாள்முனையைத் தொண்டைக்கு நேரே நிறுத்துகிறார். நெடுவாள் எதிராளியின் கையில் இருந்தும் அவரால் அதை அசைக்க முடிவதில்லை. வெறுங்கையாக இருந்ததால்தான் இடக்கை இதைச் செய்ய முடிந்தது.

நெடுவாளும் குறுவாளும் சேர்ந்த இணை, சாமுராய்கள் இடுப்பில் எப்போதும் அணிந்திருந்த இரண்டு வாள்களிலிருந்தே பிறந்தது. வாள்வீரர் மியாமோத்தோ முசாஷி 1643க்கும் 1645க்கும் இடையில் ரெய்கண்டோ குகையில் எழுதிய நூலில் இதற்குச் சொல்லும் காரணம் நடைமுறை சார்ந்தது: உயிரை விடும் நேரத்தில் ஓர் ஆயுதம் பயன்படாமல் இடுப்பிலேயே கிடக்கக் கூடாது, குதிரையின் மீதும் சேற்றிலும் நெரிசலிலும் நெடுவாளை ஒரு கையால் ஆளத் தெரிய வேண்டும். இங்கே இரண்டு கைகளுக்கும் இரண்டு வேலைகள் உண்டு. இடக்கைக் குறுவாள் எதிராளியின் வாளை அடக்க, வலக்கை நெடுவாள் தூரத்தைக் கடந்து வெட்டுகிறது. இதற்கான விலை உடல் வலிமைதான். இன்றைய கெண்டோ விதிகள் அதை ஒப்புக்கொள்கின்றன: வயதுவந்த ஆண்களின் ஒற்றை மூங்கில் வாள் 120 செ.மீ. வரை நீளமும் குறைந்தது 510 கிராம் எடையும் கொண்டது. இரட்டை வாளில் நெடியதற்கு 114 செ.மீ. மேல்வரம்பும் 440 கிராம் கீழ்வரம்பும் உண்டு, குட்டைக்கு 62 செ.மீ. வரை அனுமதி. குட்டை வாளால் மட்டும் அடித்துப் புள்ளி பெறுவது அரிது என்பதால், அதன் பணி வழி திறந்துவிடுவதுதான் என்பது ஆட்டத்திலேயே தெரிந்துவிடும்.

இணைக் குறுவாள்கள் ஒற்றைக் குறுவாளுக்கு இருந்த இரண்டு நன்மைகளையும் இழக்கின்றன. இரண்டு அலகுகளும் எதிராளியை எட்ட வேண்டுமானால் மார்பை நேராகக் காட்டி நிற்க வேண்டும். அப்படி நின்றால் தோளை முன்தள்ளிப் பெற்ற நீளம் போய்விடுகிறது. பக்கவாட்டில் திரும்பினாலோ பின்கை வாள் எட்டாமல் நின்றுவிடுகிறது. எதிராளியின் கையைப் பிடிக்க வெறுங்கையும் மிஞ்சுவதில்லை. மிக நெருங்கிய இடத்தில், இடுக்கமான அறையில், இரண்டு முனைகள் பயன்படும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நெருக்கத்தை அடையும் வரை நெடுவாளுக்கு எதிரே உயிரோடு நிற்பதுதான் கடினம்.

ஜப்பானில் இணையாகப் பிடிக்கும் குட்டை ஆயுதத்தைத் தேடுபவர்கள் ஒக்கினாவாவின் சாய் எனும் முக்கவர் இரும்புக் கோலைப் பார்க்கலாம். அதற்குக் கூர் அலகு இல்லை என்பதால் தண்டைத் திருப்பி முன்கையோடு ஒட்டிப் பிடித்து அடியைத் தாங்க முடிகிறது. கவர்களுக்கு இடையே கழியைச் சிக்கவைக்கவும் முடிகிறது. இடக்கையில் இன்னொன்றைப் பிடிப்பதற்கு அங்கே காரணம் இருக்கிறது.

முசாஷியின் வழிவந்த நித்தென் இச்சி பள்ளியில் ஒற்றை நெடுவாளுக்கு 12 படிவங்களும் குறுவாளுக்கு 7 படிவங்களும் உள்ளன. அவர் பெயரோடு ஒட்டிவிட்ட இரட்டை வாளுக்கு இருப்பவை 5 மட்டுமே.