ஹைப்ரிட் சைக்கிளும் வசந்த கால வார இறுதிகளும்: சில வருடங்கள் ஓட்டிய பிறகு

வாங்கிய ஒரே வாரத்தில் எழுதும் ரிவ்யூக்களை நான் பெரிதாக நம்புவதில்லை. புது சைக்கிள் எதுவாக இருந்தாலும் வழுக்கிக்கொண்டுதான் ஓடும். செயின் ஒரு முறையாவது தேய்ந்து, டயர் ஒரு முறையாவது மாறி, சீட்டின் ஓரம் பளபளக்க ஆரம்பித்த பிறகுதான் அந்த வண்டியின் குணம் தெரியும். ரேஸ் சைக்கிளுக்கும் மலைச் சைக்கிளுக்கும் நடுவில் நிற்கிற வகையான என் ஹைப்ரிட் சைக்கிள் இப்போது அந்த நிலையில் இருக்கிறது.

அலுமினிய ஃபிரேம், நேரான ஹேண்டில்பார், 700சி அளவுச் சக்கரம், 38 மி.மீ. டயர், ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும்) டிஸ்க் பிரேக். முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் எட்டு என்று மொத்தம் 24 கியர். எடை 13 கிலோவுக்குக் கொஞ்சம் கூட. கம்பெனி பெயரைச் சொல்லி ஒன்றும் ஆகப் போவதில்லை. இந்த வகையில் பல கம்பெனிகளின் வண்டிகளும் கிட்டத்தட்ட ஒரே பாகங்களோடுதான் வருகின்றன. குளிர் முடிந்து மரங்கள் துளிர் விடும்போது வெளியே எடுப்பேன். சனி அல்லது ஞாயிறு காலையில் 30 முதல் 60 கிலோமீட்டர். போட்டி இல்லை, நேரக் கணக்கு இல்லை. எங்காவது நிழல் கிடைத்தால் இறங்கி உட்கார்ந்துவிடுகிற ஆள் நான். எனக்கு ஒத்துவந்தது வேகமாக ஓட்டுகிறவர்களுக்கு ஒத்துவராது. அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எடை விஷயத்தை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் புதிதாக வாங்குகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். வண்டியும் ஆளும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நிறையச் செலவழித்து 2 கிலோ குறைவான வண்டியை வாங்குகிறீர்கள். அதே பலத்தில் மிதித்தால், 20 நிமிட ஏற்றத்தில் உங்களுக்குக் கிடைக்கும் லாபம் அரை நிமிடத்துக்கும் குறைவு. சமதளத்தில் அதுவும் இல்லை. அங்கே மல்லுக்கட்டுவது காற்றோடு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. அதைத் தாண்ட நொடிக்கு நொடி தேவையான ஆற்றலோ மும்மடிப் பெருக்கத்தில். இரண்டு மடங்கு வேகத்துக்குக் காற்றோடு மட்டுமே எட்டு மடங்கு உழைக்க வேண்டும். முதுகைக் கொஞ்சம் வளைத்து, படபடக்கிற தொளதொள ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டால் கிடைக்கிற பலன், எடை குறைந்த ஃபிரேமில் கிடைக்காது. வார இறுதியில் ஓட்டுகிறவர்கள் எடைக்குக் கொடுக்கிற காசை டயருக்கும் சீட்டுக்கும் கொடுக்கலாம் என்பதுதான் இத்தனை நாள் ஓட்டியதில் எனக்குத் தெளிவானது.

டயரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வண்டியோடு வந்த டயர் கனமானது, பக்கச்சுவர் விறைப்பானது. அது தேய்ந்ததும் அதே 38 மி.மீ. அளவில், உள்ளே பஞ்சர் தடுப்புப் பட்டை உள்ள, பக்கச்சுவர் மெல்லிய டயராகப் போட்டேன். வண்டியே மாறிவிட்டது. அளவு பார்க்கும்போது டயரின் பக்கத்தில் 38-622 என்கிற மாதிரி அச்சிட்டிருப்பார்கள். முதல் எண் அகலம், இரண்டாவது ரிம்மில் உட்காரும் விட்டம், இரண்டுமே மில்லிமீட்டரில். 28 இன்ச், 29 இன்ச் என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். அந்த இரண்டு பெயரிலுமே 622 வரும். இந்த எண்ணைப் பார்த்து வாங்கினால் ஏமாற மாட்டீர்கள்.

காற்றழுத்தம் அடுத்தது. டயரில் போட்டிருக்கும் அதிகபட்ச அளவு வரை அடித்துக் கல்லு மாதிரி வைத்துக்கொள்வதுதான் வேகம் என்று பலரும் நினைக்கிறார்கள். வழவழப்பான தரையில் சரி. சொரசொரப்பான தார்ச் சாலையில், அதிலும் குளிர்காலம் முடிந்து ஓரமெல்லாம் பொடிக்கல் சிதறிக் கிடக்கும்போது, அந்த அழுத்தம் ஆளைத் தூக்கித் தூக்கிப் போடும். உடம்பு குலுங்குவதில் போகிற சக்தியும் நீங்கள் மிதித்த சக்திதான். 75 கிலோ ஆளுக்கு 38 மி.மீ. டயரில் 45 முதல் 50 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) தாராளம். முன் சக்கரத்தில் சில பிஎஸ்ஐ குறைவாகவே இருக்கலாம், எடை பின்னால்தான் அதிகம் விழுகிறது. ரொம்பக் குறைத்தாலும் ஆபத்து: பள்ளத்தில் இறங்கும்போது டியூப் ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி பக்கம் பக்கமாக இரண்டு ஓட்டை விழும். அழுத்தமானி உள்ள நின்றடிக்கும் பம்ப் ஒன்று வீட்டில் இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை. விரலால் அழுத்திப் பார்த்தால் 40-க்கும் 60-க்கும் வித்தியாசம் தெரியாது.

பஞ்சர் அதிகம் ஆனதில்லை. ஆனபோதெல்லாம் காரணம் பெரும்பாலும் ஆணியோ கண்ணாடியோ அல்ல, கம்பி. லாரி டயர் வெடித்துச் சிதறும்போது அதற்குள் இருக்கும் எஃகு இழைகள் சாலை ஓரத்தில் கிடக்கும். தலைமுடியை விடக் கொஞ்சம்தான் தடிமன். டயருக்குள் ஏறினால் வெளியே தெரியாது. டியூபை மட்டும் மாற்றி மாட்டினால் சிறிது தூரத்திலேயே மறுபடி காற்று இறங்கிவிடும். டியூபைக் கழற்றும்போது வால்வு டயரில் எந்த எழுத்துக்கு நேராக இருந்தது என்று பார்த்து வைத்துக்கொண்டு, டியூபில் கொஞ்சம் காற்றடித்து உதட்டுக்குப் பக்கத்தில் மெல்லச் சுற்றினால் ஓட்டை இருக்கும் இடம் சில்லென்று தெரியும். அதே இடத்தை டயரில் கண்டுபிடித்து உள்பக்கம் விரல் நுனியால் மெதுவாகத் தடவினால் முனை குத்தும். அதை நகவெட்டியாலோ சின்ன இடுக்கியாலோ இழுத்துப் போட்டால்தான் வேலை முடிந்தது. ஒட்டுப் போடும்போது அவசரம் கூடாது. உரசிவிட்டு, சொல்யூஷன் தடவி, அது பளபளப்பு மங்கிக் காயும் வரை விட்டு, பிறகு அழுத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் பாதி வழியில் பிரிந்து வரும்.

டியூப்லெஸ்ஸுக்கு, அதாவது உள்ளே டியூப் இல்லாத டயருக்கு, மாறவில்லை. சின்ன ஓட்டைகளைத் தானே அடைத்துக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் ஓட்டையை அடைப்பதற்காக உள்ளே ஊற்றும் சீலன்ட் திரவம் சில மாதங்களில் காய்ந்துபோகும். வாரம் முழுக்க ஓட்டுகிறவர்களுக்கு அது பரவாயில்லை. குளிர்காலம் முழுக்க மூலையில் நிற்கிற வண்டிக்கு, வசந்தம் வந்ததும் முதல் வேலை காய்ந்த ரப்பர் ஆடையை உரிப்பதாக இருக்கும். எனக்கு வேண்டாம்.

சீட் மெத்தையாக இருந்தால் சுகம் என்பது கடையில் உட்கார்ந்து பார்க்கும் இரண்டு நிமிடத்துக்கு மட்டுமே உண்மை. ஒரு மணி நேரம் தாண்டியதும் மெத்தை அமுங்கி, எலும்பு தாங்க வேண்டிய எடையை நடுவில் இருக்கும் சதையும் நரம்பும் தாங்க ஆரம்பிக்கும். நாம் உட்காரும் இரண்டு எலும்பு முனைகளுக்கும் இடையிலான அகலம் ஆளுக்கு ஆள் மாறும். அந்த அகலத்துக்குப் பொருந்துகிற, ஓரளவு கெட்டியான சீட்தான் நீண்ட நேரத்துக்கு நல்லது. நெளி அட்டையை ஒரு கெட்டி நாற்காலியில் போட்டு, அதன் மேல் அழுத்தி உட்கார்ந்து எழுந்தால் இரண்டு பள்ளம் தெரியும்; அவற்றின் நடுப்புள்ளிகளை அளந்தால் கணக்குக் கிடைத்துவிடும். பேட் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸை உள்ளாடை இல்லாமல் போட வேண்டும். இதைச் சொல்லக் கூச்சப்பட்டுக் கொண்டு யாரும் சொல்வதில்லை, தையல் உரசித் தோல் புண்ணானவர்கள் எத்தனையோ பேர்.

சீட்டின் உயரம்: குதிகாலை பெடலில் வைத்து, பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீண்டால் சரி. பிறகு முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கும். சாலையில் பார்க்கிற பாதிப் பேர் சீட்டைத் தாழ்வாக வைத்து, முழங்காலை மார்பு வரை தூக்கி மிதிக்கிறார்கள். அப்புறம் முட்டி வலி என்று சைக்கிளைக் குறை சொல்கிறார்கள்.

நேர் ஹேண்டில்பாரின் குறை கையில் தெரியும். ஒரே பிடியில் இரண்டு மணி நேரம் போனால் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகும். உள்ளங்கை ஓரமாகப் போகும் அல்நர் நரம்பு அழுந்துவதால் வருவது இது. உள்ளங்கைக்கு அகலமாக இடம் கொடுக்கும் இறக்கை வடிவ கிரிப்பும், முனையில் குட்டிக் கொம்பு ஒன்றும் மாட்டிய பிறகு பெருமளவு குறைந்தது. முழுக்கப் போகவில்லை. தினமும் நூறு கிலோமீட்டர் போக ஆசைப்படுகிறவர்கள் வளைந்த ஹேண்டில்பார் வண்டியைப் பார்க்கட்டும்.

கியரைப் பற்றி இப்போது ஒரு ஃபேஷன் நடக்கிறது: முன்னால் ஒரே பல்சக்கரம்தான் வேண்டுமாம். சுத்தமாக இருக்கிறது, செயின் கழன்று விழுவதும் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் பழைய ஏற்பாட்டில் முன்னால் 26 பல், பின்னால் 34 பல் என்று வைத்தால், நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்து மணிக்கு 6 கிலோமீட்டரில் மூச்சு வாங்காமல் ஏறலாம். முன்னால் 40, பின்னால் 42 என்று வரும் ஒற்றைச் சக்கர வண்டியில் அதே மிதிக்கு மணிக்கு 7.5 கிலோமீட்டரில் போயாக வேண்டும். சின்ன வித்தியாசம் போலத் தோன்றும். செங்குத்தான ஏற்றத்தின் கடைசித் திருப்பத்தில் அதுதான் ஏறிப் போவதா, இறங்கித் தள்ளுவதா என்று முடிவு செய்யும்.

டிஸ்க் பிரேக்கில் சொல்ல அதிகம் இல்லை. ஈரத்தில் பிடிக்கிறது, டிஸ்க்கைக் கவ்வும் பேட் தேயத் தேயத் தானே ஈடுகட்டிக்கொள்கிறது. பேடில் உராயும் பகுதி அரை மில்லிமீட்டருக்கு வந்ததும் மாற்ற வேண்டும். சக்கரத்தைக் கழற்றி வண்டியைக் காரில் ஏற்றும்போது பிரேக் லீவரை அழுத்தாமல் இருப்பது முக்கியம். அழுத்தினால், பேடைத் தள்ளும் பிஸ்டன்கள் உள்பக்கம் தள்ளிக்கொண்டு வந்து, சக்கரம் திரும்ப உள்ளே போகாமல் அடம்பிடிக்கும். பேடுக்கு நடுவில் ஒரு அட்டைத் துண்டைச் செருகி வைத்தால் போதும்.

குளிர்காலத் தூக்கத்திலிருந்து வண்டியை எழுப்பும் நாளில் நான் பார்ப்பது: டயரின் பக்கச்சுவரில் வெடிப்பு, செயின் நீளம், போல்ட்டுகள். செயினின் ஒவ்வொரு ஆணிக்கும் இடையே அரை இன்ச். ஆணியின் நடுவில் ஸ்கேலை வைத்து 12 இன்ச் அளந்தால், 24 இடைவெளிக்குப் பிறகு வரும் ஆணி சரியாக அந்தக் கோட்டில் இருக்க வேண்டும். இன்ச்சில் பதினாறில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் அரை சதவீதம் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம், புதுசுக்கு நேரம் வந்துவிட்டது. அதை விட்டு இன்னும் ஓட்டினால் செயின் தன்னோடு சேர்த்து கேசட்டையும் (பின்னால் இருக்கும் பல்சக்கர அடுக்கு) தின்றுவிடும். எண்ணெய் விடுவதில் தாராளம் காட்டக் கூடாது. ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு விட்டு, கொஞ்ச நேரம் கழித்து வெளியே இருப்பதையெல்லாம் துணியால் துடைத்துவிட வேண்டும். வசந்த காலத்தில் மகரந்தமும் புழுதியும் சேர்ந்து, வழிகிற எண்ணெயில் ஒட்டிக் கருஞ்சாந்தாகிவிடும்.

இந்தப் பருவத்தின் ஒரே தொந்தரவு உடை. கிளம்பும்போது விறைக்கும், பத்து மணிக்கு வியர்க்கும். தடித்த ஜாக்கெட் ஒன்றைவிட, மெல்லிய பனியன், கழற்றி மாட்டும் கைச்சட்டை, மடித்தால் பாக்கெட்டில் அடங்கும் காற்றுத் தடுப்பு மேல்சட்டை என்ற மூன்றும் போதும். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். வாசலிலேயே இதமாக இருந்தால் கூடுதலாகப் போட்டிருக்கிறீர்கள் என்று பொருள். நிறமில்லாத கண்ணாடி ஒன்றும் கட்டாயம். பூச்சிகள் எழும் காலம், கண்ணுக்குள் ஒன்று போனால் அன்றைய சந்தோஷம் முடிந்தது.

காற்று அடிக்கும் திசை பார்த்து வழியைத் தீர்மானிப்பது என் வழக்கம். தெம்பு இருக்கும்போதே எதிர்காற்றில் போய்விட்டு, திரும்பும்போது முதுகில் வாங்கிக்கொள்ள வேண்டும். மாற்றிச் செய்தால் போகும்போது ஏதோ வீரன் போல இருக்கும், திரும்பும்போதுதான் யாரென்று தெரியும். கூட்டாகப் போகும்போது எங்கள் செட்டில் மெதுவாக ஓட்டுகிறவர் முன்னாலோ நடுவிலோதான் வருவார். கடைசியில் விட்டால் அவருக்கு ஓய்வே கிடைக்காது: மற்றவர்கள் நின்று இளைப்பாறி முடிக்கும்போதுதான் வந்து சேர்வார், உடனே "கிளம்பலாமா?" என்பார்கள். எங்களில் மூத்தவர் ஒருவர் அதற்கு "நான் வந்து தண்ணி குடிச்சு முடிக்கிற வரைக்கும் எவனும் பெடல்ல கால் வைக்கக் கூடாது" என்று சட்டம் போட்டிருக்கிறார். நல்ல சட்டம்.

மட்கார்டு, மணி, பின்விளக்கு மூன்றையும் தனியாக வாங்கித்தான் மாட்ட வேண்டியிருந்தது. இந்த வகை வண்டிகளில் இது ஒரு மனக்குறை. மட்கார்டு மாட்ட ஃபிரேமில் திருகு ஓட்டை இருக்கிறதா என்று வாங்கும் முன் குனிந்து பாருங்கள். ஈரச் சாலையில் பின்னால் வருகிறவரின் முகத்தில் சேற்றை வாரி அடிக்காமல் இருப்பது நட்புக்கும் நல்லது.

அடுத்த முறை செயினோடு கேசட்டையும் மாற்ற வேண்டியிருக்கும். முன்னால் மூன்று பல்சக்கரத்தில் நடுவில் இருக்கும் 36 பல் சக்கரம்தான் முனை கூராகித் தேய்ந்திருக்கிறது. பெடல் மாட்டியிருக்கும் கிராங்க்கில் பல்சக்கரங்களைப் போல்ட் போட்டு இறுக்கியிருப்பதால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வேகமாகப் போவதற்கென்று கொடுத்திருக்கும் 48 பல் பெரிய சக்கரத்தில் கம்பெனி அடித்த கறுப்புப் பெயின்ட் இன்னும் அப்படியே இருக்கிறது.