மேல்கை பிரஷர் மெஷின்: பெட்டி சரி, பட்டையைத்தான் பார்த்து வாங்கணும்

நோய்ப்பரவல் ஆய்வுகளுக்காக வீடு வீடாகப் போய் பிரஷர் எடுப்பது என் வேலை. அம்மாவுக்கு வாங்கிய இந்த மெஷினையும் அதே கண்ணோடுதான் பார்க்கிறேன். மெஷின் அருமை. கூடவே வரும், கையில் சுற்றிக் கட்டும் பட்டை பலருக்குச் சரிப்படாது. அளவுகளைப் போனில் காட்டும் செயலி தேவையே இல்லை.

எனக்கு முதலில் பிடித்தது, திரையில் 137 என்று வந்ததுதான். ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு எடுப்பவர்கள் தங்களை அறியாமலே 130, 140 என்று சைபரில் முடித்து எழுதிவிடுவார்கள். ஆய்வில் இது பெரிய தலைவலி. 140-ஐ எல்லைக்கோடாக வைத்தால், இந்தப் பக்கம் இருக்க வேண்டியவர் அந்தப் பக்கம் போய்விடுவார். இதற்காகவே பாதரசத்தின் சைபர் எங்கே நிற்கிறது என்பதை எடுப்பவருக்கே காட்டாமல், கடைசியில் கழித்துக்கொள்ளும் கருவியெல்லாம் ஒரு காலத்தில் செய்தார்கள். இந்தப் பெட்டிக்கு அந்தச் சாய்வு கிடையாது.

அடுத்து, எடுத்த அளவுகளின் சராசரியைக் காட்டும் பட்டன். காலையில் அம்மாவுக்கு 148 வந்தது. ஒரு நிமிஷம் விட்டு எடுத்தால் 139. முதல் தடவை பட்டை இறுகும்போதே பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். "அம்மா, இது முடியுற வரைக்கும் பேசாதம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் இரண்டாவது எடுத்தேன். பேசினாலும், கையைத் தாங்கல் இல்லாமல் தொங்கவிட்டாலும் எண் ஏறும். அதனால் ஏழு நாள், காலையும் மாலையும் இரண்டிரண்டு அளவு எடுத்து, முதல் நாளை விட்டுவிட்டு மற்றதைச் சராசரி பார்க்க வேண்டும். வீட்டில் எடுக்கும் சராசரிக்கு எல்லை 135/85.

ஒரே ஒரு அளவை ஏன் நம்பக்கூடாது என்பது நெடுங்கால ஆய்வுகள் கற்றுத்தந்த பாடம். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாமில் 1948-இல் 5,209 பேரோடு தொடங்கிய ஆய்வு, அவர்களைத் திரும்பத் திரும்ப அழைத்து அளந்தது. ஒரு நாள் அளவை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், பிரஷருக்கும் இதயநோய்க்கும் உள்ள தொடர்பு உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகத்தான் தெரியும். 2002-இல் 61 ஆய்வுகளின் பத்து லட்சம் பேரைச் சேர்த்துப் பார்த்தபோது, 40 முதல் 69 வயதுக்காரர்களிடம் 115-க்கு மேல் ஒவ்வொரு 20 கூடுதலுக்கும் பக்கவாதத்தால் சாகும் ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல் ஆனது. அங்கே கணக்கில் எடுத்தது ஒருவரின் வழக்கமான அளவைத்தான்.

செயலி மேல் எனக்குக் கோபம் வருவது அது காட்டும் நிறங்களால்தான். 134 என்றால் பச்சை, 136 என்றால் சிவப்பு! ஆபத்து அப்படிப் படி தாண்டி வருவதில்லை, சரிவாக ஏறுகிறது. மிக அதிக பிரஷர் உள்ளவர்கள் சிலர்தான். கொஞ்சமே கூடுதலாக இருப்பவர்கள் ஏராளம் என்பதால் மாரடைப்பும் பக்கவாதமும் அவர்களிடமிருந்தே நிறைய வருகின்றன. பிரிட்டனின் நோய்ப்பரவல் ஆய்வாளர் ஜெஃப்ரி ரோஸ் 1980-களிலேயே விளக்கிய விஷயம் இது. உப்பைக் குறைக்க வேண்டிய ஆளைப் பச்சை விளக்குக் காட்டித் தூங்கவைக்கிறது இந்தச் செயலி.

பட்டைக்கு வருகிறேன். பெட்டியோடு வருவது 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுக்கானது. அக்காவின் கை 35. சின்னப் பட்டையைக் கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும், அதை நம்பி மாத்திரையும் ஆரம்பித்துவிடுவார்கள். பெரிய பட்டையைத் தனியாகத்தான் வாங்க வேண்டியிருந்தது. கை அளவைப் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்க வேண்டாமா? குறிப்பேட்டுக்குள் எங்கோ பொடி எழுத்தில் இருக்கிறது. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் டேப் வைத்து அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

வாங்கும்முன் அந்த மாடல் எண் முறையாகச் சோதிக்கப்பட்டதா என்று ஸ்டிரைட் பிபி இணையதளத்தின் பட்டியலில் தேடிப் பாருங்கள். பிராண்ட் பெயரை மட்டும் பார்த்தால் போதாது. இதயத்துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு இந்த வகை மெஷினில் அளவு முன்பின்னாக வரும். அவர்கள் ஒவ்வொரு முறையும் மூன்று தடவை எடுத்து, குறித்து, டாக்டரிடம் காட்டிக்கொள்வது நல்லது.