சிஎச்384 நான்கு போர்ட் சீரியல் கார்டு: லினக்ஸில் போடுவோர் கவனத்துக்கு

எடை மெஷின், பார்கோடு ஸ்கேனர், பிஎல்சி (ஆலை இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் கணினி) என்று ஆர்எஸ்-232 எனும் சீரியல் இணைப்பு கேட்கும் கருவிகள் வரிசையில் நிற்க, மதர்போர்டில் ஒரே ஒரு சீரியல் போர்ட் இருந்தால், டபிள்யூசிஎச் நிறுவனத்தின் சிஎச்384 சிப் உள்ள பிசிஐஇ கார்டு சல்லிசான வழி. லினக்ஸில் இதற்கான டிரைவர், இயங்குதளத்தின் மையமான கெர்னலோடே வருகிறது. கூட வரும் சிடியைத் தொடவே வேண்டாம்.

கார்டைச் செருகியதும், பிசிஐ கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையில் அடையாள எண்ணைப் பாருங்கள். நான்கு போர்ட்டுக்கு 1சி00:3470, எட்டு போர்ட்டுக்கு 1சி00:3853. டிரைவர் தேடுவது இந்த எண்ணைத்தான், பெட்டியில் அச்சிட்ட பெயரை அல்ல.

பலர் "கார்டு பழுது" என்று திருப்பி அனுப்புவது அடுத்த கட்டத்தில்தான். மூன்று போர்ட் வேலை செய்யும், நான்காவது வராது. கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசெக்கில் 'பிழை -28' என்று ஒரு வரி இருக்கும். இடமில்லை என்று பொருள். கார்டில் குறையே இல்லை. கெர்னல் இயல்பாக 4 சீரியல் போர்ட்டுக்குத்தான் இடம் வைக்கிறது, அதில் ஒன்று மதர்போர்டுக்குப் போய்விட்டது. கிரப் (பூட் லோடர்) அமைப்பில், சீரியல் போர்ட்டுகளுக்கான 8250 டிரைவரின் என்ஆர்_யுஆர்ட்ஸ் அளவை 8 ஆக்கி, கிரப்பைப் புதுப்பித்து, ரீபூட் செய்தால் டிடிஒய்எஸ்4 முதல் டிடிஒய்எஸ்7 வரை என்ற பெயர்களில் நான்கு போர்ட்டும் வந்துவிடும்.

டிரைவரின் பட்டியலில் இல்லாத கார்டுக்கு அடையாள எண்ணை டிரைவரின் நியூ_ஐடி கோப்பில் எழுதிப் பார்க்கலாம். அப்போது கெர்னல் ஊகம்தான் செய்கிறது: போர்ட்டை இயக்கும் ரெஜிஸ்டர்கள் கார்டின் முகவரிப் பகுதியின் தொடக்கத்திலேயே இருக்கும், அடிப்படை வேகம் வினாடிக்கு 115200 பிட் என்று. இந்த சிஎச்384-இல் முதல் போர்ட் 192ஆம் பைட்டில் ஆரம்பித்து, அடுத்தடுத்தவை 8 பைட் இடைவெளியில் வருகின்றன. அந்த ஊகம் இங்கே பலிக்காது. அதனால்தான் 8250_பிசிஐ டிரைவரில் இந்தச் சிப்புக்கென்றே ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. டிரைவர் ஆதரவு சேர்ப்பது என்றால் முக்கால்வாசி இந்த ஒரு வரிதான்: எத்தனை போர்ட், என்ன வேகம், எங்கே தொடக்கம், எவ்வளவு இடைவெளி.

வேகத்தைத் தப்பாகப் போட்டால் போர்ட் திறக்கும், குப்பைதான் வரும். 14.7456 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் உள்ள வேறொரு கார்டை 115200 என்று நினைத்து 9600 கேட்டால், கம்பியில் ஓடுவது 76800. செட்சீரியல் கட்டளையில் பாட்_பேஸ் மதிப்பை 921600 ஆக்கினால் சரியாகும்.

சோதிக்க, டிபி9 (ஒன்பது பின் கனெக்டர்)-இல் 2, 3 பின்களை இணைத்து, மினிகாம் என்ற சீரியல் டெர்மினல் நிரலைத் திறவுங்கள்; தட்டிய எழுத்து திரும்பி வர வேண்டும். ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோலை அணைக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் 'அனுப்பலாம்' என்று சொல்லும் சிடிஎஸ் சிக்னலுக்காகக் காத்திருந்து ஒரு எழுத்தும் போகாது. போர்ட்டே திறக்கவில்லை என்றால், டெபியனிலும் உபுண்டுவிலும் பயனரை டயலவுட் குழுவில் சேர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

குறை ஒன்று உண்டு, அது பெரிய குறை: கெர்னல் டிரைவரில் உச்ச வேகம் 115200 மட்டுமே. அதைத் தாண்ட வேண்டுமென்றால் தயாரிப்பாளரின் டிரைவர் மாட்யூலைக் கம்பைல் செய்ய வேண்டும். ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டுக்கும் மறுபடி அதே வேலை. செக்யூர் பூட் இருந்தால் மாட்யூலில் கையொப்பமும் இட வேண்டும். அந்த அலைச்சலுக்கு எக்ஸார் எக்ஸ்ஆர்17வி354 சிப் உள்ள கார்டுக்குக் கூடுதலாகக் கொடுப்பது எவ்வளவோ மேல். 125 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம், போர்ட்டுக்கு 256 பைட் ஃபிஃபோ (தற்காலிகச் சேமிப்பு), 4.11 கெர்னலிலிருந்து தனி டிரைவர். 9600-இல் பேசும் எடை மெஷினுக்கு சிஎச்384 தாராளம்.