சைலன்ட் வேலி ஜீப் பயணம்: அண்ணாந்து பார்க்கத் தெரிந்தவர்களுக்கு

கோவையிலிருந்து விடியற்காலையில் கிளம்பினால் அன்று இரவே வீடு திரும்பிவிடக் கூடிய தூரத்தில் உண்மையான மழைக்காடு இருக்கிறது. பாலக்காடு மாவட்டம் அட்டப்பாடியை ஒட்டிய சைலன்ட் வேலி தேசியப் பூங்கா. பூங்கா வாயிலான முக்காலியிலிருந்து காட்டுக்குள் இருக்கும் சைரந்திரி வரை கேரள வனத்துறையின் ஏற்பாட்டில் நடக்கும் வாகனப் பயணத்துக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தரலாம். காட்டுக்கும் வழிகாட்டிகளுக்கும் முழு மதிப்பெண். குறைந்த ஒன்று, வண்டி போகும் வேகத்தால் குறைந்தது.

யானைக் கூட்டம், காட்டு மாடு, மான் மந்தை என்று எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாந்துதான் திரும்புவார்கள். அவர்களுக்குத் தேக்கடி படகும் பரம்பிக்குளம் வேனும் பொருத்தம். அங்கே ஏரிக்கரையும் திறந்த புல்வெளியும் இருப்பதால் விலங்கு கண்ணில் படும். மழைக்காட்டில் தரையில் வெளிச்சமே விழாது, புல் முளைக்காது, அதனால் புல்மேயும் விலங்குகளுக்கு அங்கே வேலை குறைவு. உணவு முழுக்க மேலே, மரங்களின் தலைப்பகுதியில் இருக்கிறது. குரங்கு, மலை அணில், இருவாச்சி எல்லாம் அங்கேதான் வாழ்கின்றன. இதைத் தெரிந்துகொண்டு போனால் இந்தப் பயணம் கொடுத்த காசுக்கு மேல் தரும்.

போகும் வழி: கோவை, தடாகம், ஆனைகட்டி, அங்கிருந்து அகளி, தாவளம், முக்காலி. ஆனைகட்டியில் மாநில எல்லை. இந்தச் சாலையிலேயே காட்டின் பாடம் தொடங்கிவிடுகிறது. அட்டப்பாடியின் கிழக்குப் பக்கம் மழை மறைவுப் பகுதி. வறண்ட குன்றுகள், முள்புதர், ஆட்டு மந்தைகள். மேற்கே போகப்போக பச்சை கூடிக்கொண்டே வந்து, முக்காலியில் ஈரக் காற்று முகத்தில் அடிக்கிறது. அங்கே பாலத்துக்கடியில் ஓடுவது பவானி. கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் மூன்று ஆறுகளில் ஒன்று (மற்றவை கபினி, பாம்பாறு). இந்தக் காட்டில் சேரும் நீர்தான் பில்லூர் அணைக்கும் அதைத் தாண்டி ஈரோடு வயல்களுக்கும் போகிறது. ஆக, கோவைக்காரர்களான நம் குடிநீர்க் குழாயின் மறுமுனையைப் பார்க்கப் போகிறோம் என்றும் வைத்துக்கொள்ளலாம். பாலக்காட்டிலிருந்து வருபவர்களுக்கு மண்ணார்க்காடு வழி மலைச்சாலை.

சொந்த வண்டி முக்காலியோடு நின்றுவிட வேண்டும். அங்கிருந்து சைரந்திரிக்கு 23 கி.மீ., பூங்காவின் வண்டியில், கட்டாயமாக ஒரு வழிகாட்டியோடு. போய்த் திரும்ப நான்கிலிருந்து ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள். காலையில் வரிசைப்படி வண்டிகளை விடுவார்கள், மதியத்துக்குப் பிறகு புதிதாக உள்ளே விடமாட்டார்கள். விடுமுறை நாளில் பத்து மணிக்கு வந்து சேர்ந்தால் வரிசையிலேயே நேரம் போய்விடும். சனி, ஞாயிறு என்றால் முன்பதிவு இல்லாமல் கிளம்ப வேண்டாம். கட்டணம் அவ்வப்போது மாறுவதால் பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஜீப்புக்கு வண்டி வாடகை என்பதால் ஐந்து பேராகச் சேர்ந்து போனால் தலைக்கு வரும் தொகை வெகுவாகக் குறையும். தனியாக வருபவர்கள் முதல்நாள் இரவு முக்காலியிலேயே தங்கி, காலையில் கவுன்டர் அருகே துணை தேடுவது நல்லது.

முதல் வண்டியில் ஏறுவதுதான் இந்தப் பயணத்தின் பாதி வெற்றி. காரணம் எளிது. இரவில் மரத்தில் தூங்கிய குரங்குகளும் பறவைகளும் வெயில் ஏறும்வரை சுறுசுறுப்பாக இரை தேடும். நண்பகலில் இலைக்கூட்டத்துக்குள் அடங்கிவிடும். அது தவிர, முன்னால் போகும் ஒவ்வொரு ஜீப்பும் சாலையோர உயிர்களை உள்ளே விரட்டிக்கொண்டே போகிறது. ஐந்தாவது வண்டியில் இருப்பவருக்கு மிஞ்சுவது தூசியும் மரமும்தான்.

இனி அந்தக் குறைந்த ஒரு மதிப்பெண். சாலை கரடுமுரடு. குலுக்கல் பலமாக இருக்கும், இன்ஜின் சத்தத்தில் பறவைக் குரல் காதில் விழாது. ஓட்டுநருக்கோ நேரக் கணக்கு இருக்கிறது, சொல்லாவிட்டால் நேராகச் சைரந்திரியில்தான் நிறுத்துவார். அதனால் ஏறும்போதே பேசிக்கொள்ளுங்கள்: "சேட்டா, வெடிப்பலா காய்ச்சிருக்கிற இடத்துல ரெண்டு நிமிஷம் இன்ஜின் ஆஃப் பண்ணி நிறுத்துறீங்களா?" இதைக் கேட்டதுமே வழிகாட்டியின் முகம் மாறுவதைப் பார்க்கலாம். இங்கே வழிகாட்டிகளாக இருப்பவர்களில் பலர் அட்டப்பாடியின் இருளர், முடுகர், குறும்பர் ஊர்களைச் சேர்ந்தவர்கள். தமிழ் நன்றாகப் புரியும். எந்த மரம் எந்த வாரம் காய்க்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் கேட்கும் புலி எங்கே என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிப் பழகிவிட்டவர்கள், அவ்வளவுதான்.

வெடிப்பலாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தக் காட்டின் சாவி அதுதான். உயரமான மரம். இலையின் மேற்புறம் பளபளப்பான கரும்பச்சை, அடிப்புறம் வெள்ளியும் செம்பழுப்பும் கலந்த நிறம். காற்றடிக்கும்போது தலைப்பகுதி முழுக்க நிறம் மாறி மின்னுவதால் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். பூக்கள் கிளைகளின் மேலேயே கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டு வரும், இதழ் கிடையாது, சதைப்பற்றான குழல் மட்டும். கோடைக்கு முந்தைய மாதங்களில் வேறு பழம் குறைந்திருக்கும்போது இந்தப் பூக்கள்தான் குரங்கு, அணில், வௌவால், பறவை எல்லாவற்றுக்கும் சோறு போடுகின்றன. பிறகு முள் மூடிய உருண்டைக் காய். அதை உடைத்து விதையைத் தின்பதில் சிங்கவால் குரங்கு கெட்டிக்காரன். ஆகவே பார்க்க வேண்டிய முறை இதுதான்: கீழே புதிதாக உடைந்த முள்தோல் கிடந்தால் நில்லுங்கள், பேச்சை நிறுத்துங்கள், மேலிருந்து ஏதாவது விழும் சத்தத்துக்குக் காது கொடுங்கள். தோல் விழும் இடத்துக்கு நேர் மேலே கூட்டம் இருக்கும்.

கருப்பாக எதைப் பார்த்தாலும் சிங்கவால் என்று கத்துவது இங்கே தினமும் நடக்கிறது. பெரும்பாலும் அது நீலகிரிக் கருமந்தி. வித்தியாசத்தை வாலில் பாருங்கள். கருமந்திக்கு வால் உடலைவிட நீளம், கிளையிலிருந்து நேராகத் தொங்கும், நுனியில் குஞ்சம் இல்லை, தலைமுடி மஞ்சள் கலந்த பழுப்பு. சிங்கவால் குரங்குக்கு வால் குட்டை, நுனியில் குஞ்சம், முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரி. காலையில் பள்ளத்தாக்கு முழுக்க "ஹூ... ஹூ..." என்று அதிரும் குரல் கருமந்தி ஆணுடையது. சிங்கவால் குரங்கு உலகிலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழ்கிறது. அதைப் பார்த்தே தீர வேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு வருபவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: வால்பாறை புதுத்தோட்டம் பக்கம் சாலையோரத்திலேயே காணக் கிடைக்கும். ஆனால் அவை மனிதருக்குப் பழகிவிட்டவை, தோட்டங்களுக்கு நடுவே துண்டுபட்ட காட்டில் வாழ்பவை. சைலன்ட் வேலியில் அதே விலங்கு நூறடி உயரத்தில், நம்மைப் பொருட்படுத்தாமல், அறுபடாத காட்டில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஐந்து நொடிப் பார்வை கிடைத்தாலும் அதற்கு ஈடு இல்லை.

இருவாச்சியைக் கண்ணுக்கு முன் காது பிடித்துவிடும். பெரிய இருவாச்சி பறக்கும்போது சிறகடிப்பு பழைய நிலக்கரி ரயில் இன்ஜின் மூச்சுவிடுவது போலக் கேட்கும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பெண் பறவை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு முட்டையிட, ஆண் தனியாக உணவு சுமக்கும். அந்தக் காலத்தில் கூட்டுமரத்தருகே நின்று படம் எடுக்க ஆசைப்பட வேண்டாம். ஆண் வர அஞ்சினால் உள்ளே இருப்பவை பட்டினி கிடக்கும். நல்ல வழிகாட்டி அந்த இடத்தில் நிறுத்த மறுப்பார், அவரை மதியுங்கள்.

சைரந்திரியில் சுமார் 30 மீட்டர் உயரக் கண்காணிப்புக் கோபுரம் இருக்கிறது. இந்தப் பயணத்தில் மிகச் சிறந்த இடம் இது. மரத்தலைகளை அண்ணாந்து பார்த்து வலித்த கழுத்துக்கு, அவற்றைச் சமமட்டத்திலிருந்தும் மேலிருந்தும் பார்க்கும் வாய்ப்பு. பலர் ஏறி, செல்ஃபி எடுத்து, மூன்று நிமிடத்தில் இறங்கிவிடுகிறார்கள். முந்தைய கூட்டம் இறங்கிய பிறகு ஏறுங்கள். ஒரு திசையைத் தேர்ந்தெடுத்து, ஒரே மரத்தொகுதியைக் கால் மணி நேரம் பாருங்கள். விலங்கு ஆட்டும் கிளைக்கும் காற்றில் ஆடும் கிளைக்கும் வேறுபாடு பிடிபடும். படிகள் செங்குத்து, தலைச்சுற்றல் உள்ளவர்கள் கீழேயே இருக்கலாம்.

கோபுரத்திலிருந்து தெரியும் பள்ளத்தாக்கில்தான் குந்திப்புழா ஆற்றின் மீது 120 மெகாவாட் மின்திட்டத்துக்காக அணை கட்டுவதாக இருந்தது. கட்டியிருந்தால் சுமார் 8.3 சதுர கி.மீ. பசுமைமாறாக் காடு நீரில் மூழ்கியிருக்கும். மக்கள் போராட்டத்துக்குப் பிறகு 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984இல் தேசியப் பூங்கா அறிவிப்பு, 1985 செப்டம்பரில் ராஜீவ் காந்தி நாட்டுக்கு அர்ப்பணித்தார். கீழே ஆற்றுப் பாலம் வரை ஒன்றரை கி.மீ. நடை. அனுமதி உண்டா என்று அன்றன்று கேட்க வேண்டும். ஆற்றில் இறங்கக் கூடாது. திரும்பி வருவது ஏற்றம், முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துச் செய்யுங்கள்.

பைனாகுலர் இல்லாமல் போவது டிக்கெட் காசை வீணடிப்பது. 10x42 வாங்கத் தோன்றும், ஆனால் இங்கே 8x42 மேல். லென்ஸ் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம்: 8x42இல் 5.25 மி.மீ., 10x42இல் 4.2 மி.மீ. இருட்டுக் காட்டில் அந்த ஒரு மி.மீ. நன்றாகத் தெரியும். பார்வைப் பரப்பும் அகலமாக இருப்பதால் கிளை தாவும் குரங்கைத் தவறவிட மாட்டீர்கள். கேமராவில், வெள்ளை வானத்துக்கு முன்னால் கருப்பு விலங்கு என்றால் வெறும் நிழலுருவம்தான் பதியும். எக்ஸ்போஷரை +1இலிருந்து +1.7 வரை ஏற்றுங்கள். ஐஎஸ்ஓ 1600 முதல் 3200 வரை தேவைப்படும். ஏசி காரிலிருந்து நேராக எடுத்தால் லென்ஸில் பனிபடியும், கால் மணி முன்பே பையோடு வெளியே வைத்துவிடுங்கள்.

அட்டைப்பூச்சி ஜூன் முதல் டிசம்பர் வரை உண்டு. ஜனவரிக்குப் பிறகு குறையும். முழங்கால் வரை வரும் நெருக்கமான நெசவுள்ள அட்டைக் காலுறையைச் சாதாரண காலுறைக்கு மேல் போட்டு, பேன்ட்டை உள்ளே செருகி, பிறகு ஷூ. கடித்துவிட்டால் உப்போ நெருப்போ வைக்காதீர்கள். குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடும், தொற்று வரலாம். மெலிந்த முனையைக் கண்டுபிடித்து, விரல் நகத்தைத் தோலோடு தோலாக நகர்த்தித் தள்ளினால் பிடி விடும். பிறகு தடித்த முனை. ரத்தம் உறையாமல் செய்யும் பொருளை அது செலுத்துவதால் சில மணி நேரம்கூடக் கசியும், பயப்பட வேண்டியதில்லை. பஞ்சு வைத்து அழுத்திக் கட்டினால் போதும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் மழைக்காலத்தைத் தவிர்க்கலாம்.

உடை பச்சை, பழுப்பு, சாம்பல். சென்ட் வேண்டாம். பிளாஸ்டிக் பாட்டில், நொறுக்குத்தீனிப் பாக்கெட் உள்ளே போகாது. ஸ்டீல் பாட்டிலில் தண்ணீர். சாப்பாட்டை முக்காலியில் முடித்துக்கொள்ளுங்கள். குலுக்கலில் வாந்தி வருபவர்கள் லேசாகச் சாப்பிட்டு முன்னிருக்கையில் உட்காரட்டும். முதுகுவலிக்காரர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சாலை சரிப்படாது. குழந்தைகள் எட்டு வயதுக்கு மேல் என்றால் ரசிப்பார்கள், அதற்குக் கீழே பொறுமை இழந்துவிடுகிறார்கள்.

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை போக வசதி. தென்மேற்குப் பருவத்தில் மரம் சாய்ந்தோ மண் சரிந்தோ பாதை அடைபடும், கோடையில் காட்டுத்தீ அபாயத்தால் மூடுவதும் உண்டு. கிளம்புவதற்கு முதல்நாள் முக்காலி அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். தவளைகளைப் பார்க்க விரும்புபவர்கள் மட்டும் மழையைத் தேடிப் போகலாம்.

திரும்பும்போது நான்கு மணிக்குள் முக்காலியை விட்டுவிடுங்கள். இருட்டிய பிறகு ஆனைகட்டிக்கும் தடாகத்துக்கும் இடையே யானைகள் சாலையைக் கடக்கும். எதிரே நின்றால் ஹாரன் அடிக்காமல், ஹை பீம் போடாமல், தூரத்திலேயே நிறுத்தி அது கடக்கும்வரை காத்திருங்கள்.