சிம்சிட்டி பில்ட்இட் நீண்டநாள் அனுபவம்: தொல்லை முழுக்க கிடங்கில்தான்

"இப்போது புதிதாகத் தொடங்கலாமா?" என்று நண்பர்கள் கேட்கும் நகரம் கட்டும் கேம்களில் சிம்சிட்டி பில்ட்இட்டின் பெயர் இன்னும் வருகிறது. 2014 டிசம்பரில் வந்த கேம். ரோடு போடுவது, வீட்டு மனை வைப்பது, மின்சாரமும் தண்ணீரும் கொடுப்பது எல்லாவற்றையும் முதல் அரை மணி நேரத்தில் கேமே சொல்லிக்கொடுத்துவிடும். அதை இங்கே மறுபடி எழுதவில்லை. பல மாதம் ஆடியபிறகே புரிகிற விஷயம் வேறு. ஆரம்பத்தில் எல்லோரும் நேரத்தையும் சிமோலியனையும் (கேமுக்குள் சம்பாதிக்கும் பணம்) நினைத்துக் கவலைப்படுகிறோம். நகரம் பெரிதானதும் அன்றாடம் எரிச்சலூட்டுவது கிடங்கு. ஆனால் காத்திருப்புக் கணக்கு தெரியாமல் கிடங்கின் கணக்கு விளங்காது, அதனால் முதலில் அது.

வீட்டை உயர்த்த அது கேட்கும் பொருள்களைக் கொடுக்க வேண்டும். மூலப்பொருள் ஃபேக்டரியில் தயாராகும், அதை வைத்து மற்றவற்றைக் கடைகளில் செய்வோம், எல்லாம் வந்து சேரும் இடம் கிடங்கு. ஃபேக்டரியில் உலோகம் 1 நிமிடம், மரம் 3, பிளாஸ்டிக் 9, விதை 20, கனிமம் 30 நிமிடம். அதன்பிறகு எல்லாம் மணிக்கணக்கு. ரசாயனம் 2 மணி, துணி 3, சர்க்கரையும் மசாலாவும் 4, கண்ணாடி 5, கால்நடைத் தீவனம் 6, மின் உதிரிபாகம் 7 மணி. ஃபேக்டரியில் எல்லா இடமும் ஒரே நேரத்தில் ஓடும் என்பது பெரிய நிம்மதி. நான்கு இடத்திலும் கண்ணாடி போட்டால் 5 மணி கழித்து நான்கும் ஒன்றாகத் தயார்.

கடைகள் அப்படி இல்லை. அங்கே ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. ஏணி ஒன்றுக்கு 2 பலகை, 2 உலோகம், 1 மணி நேரம் வேண்டும். பலகை ஒன்றுக்கு 2 மரமும் 30 நிமிடமும். கையில் எதுவுமே இல்லாமல் தொடங்கினால் மரத்துக்கு 3 நிமிடம், இரண்டு பலகைக்கு 1 மணி, ஏணிக்கு 1 மணி, ஆக 2 மணி 3 நிமிடம். துளைப்பான் கேட்கும் வீடு வந்துவிட்டால், மின் உதிரிபாகத்துக்கு 7 மணி, துளைப்பானுக்கு 2 மணி என்று 9 மணி நேரம் போய்விடும்.

புதியவர்கள் தவறாமல் மாட்டிக்கொள்ளும் இடம் கட்டுமானப் பொருள் கடை. ஆணி, பலகை, செங்கல், சிமெண்ட், பசை, பெயிண்ட் ஆறும் அந்த ஒரே வரிசையில் வருகின்றன. பசைக்கு 1 மணி, சிமெண்டுக்கு 50 நிமிடம். இரண்டையும் போட்டுவிட்டுப் பின்னால் ஆணி போட்டால், 5 நிமிட ஆணி கைக்கு வர 1 மணி 55 நிமிடம் ஆகும். ஆணி இல்லாமல் நாற்காலி இல்லை, மேசை இல்லை. ஆகவே விழித்திருக்கும் நேரத்தில் ஆணி, செங்கல், பலகை மட்டும். பசை, பெயிண்ட், சிமெண்ட் எல்லாம் போனை வைக்கும் முன் கடைசியாக. வேகம் கூட்டும் டோக்கன்களுக்கும் இதே முறைதான். ஆமை இரு மடங்கு, லாமா 4 மடங்கு, சீட்டா 12 மடங்கு வேகம் தரும். வரிசையில் ஒரே ஒரு பொருள் இருக்கும்போது சீட்டாவைப் போடுவது வீண். கடை முழுக்க நீண்ட நேரப் பொருள்களை அடுக்கி, தேவையான மூலப்பொருளையும் கையில் வைத்துக்கொண்டு போட வேண்டும்.

இனி கிடங்கு.

கிடங்கில் எந்தப் பொருளானாலும் ஓர் இடம். ஒரு நிமிடத்தில் வரும் உலோகத்துக்கும் ஓர் இடம், 7 மணி நேரம் காத்துக் கிடந்து வாங்கிய மின் உதிரிபாகத்துக்கும் ஓர் இடம். நேரக் கணக்கில் இரண்டுக்கும் 420 மடங்கு வித்தியாசம். இது புரிந்த அன்றே உலோகத்தையும் மரத்தையும் சேர்த்து வைக்கும் பழக்கம் விட்டுப்போக வேண்டும்.

இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. இட நெருக்கடி இருந்தால்தானே விளையாட்டு. கோபம் வருவது கிடங்கைப் பெரிதாக்கப் போகும்போது. அதற்கு கேமரா, பூட்டு, கம்பி என்று மூன்று வகைத் துண்டுகள் வேண்டும். மூன்றும் சம எண்ணிக்கையில் வேண்டும். கிடங்கு வளர வளர அந்த எண்ணிக்கையும் கூடும். அந்தத் துண்டுகளும் அதே கிடங்கில்தான் உட்காருகின்றன. நிலத்தை விரிக்கத் தேவையான புல்டோசர் பாகங்கள், கடற்கரை நிலத்துக்கானவை, மலை நிலத்துக்கானவை, இவையும் அங்கேயே. இடம் இல்லையென்று இடம் வாங்கப் போனால், முதலில் இருக்கிற இடத்தைக் கொடு என்கிறது கேம்.

இந்தத் துண்டுகள் நகரத்தில் தோன்றும் குமிழிகளில் வருகின்றன, எது வரும் என்று சொல்ல முடியாது. ஒரு விரிவாக்கத்துக்கு ஒவ்வொன்றிலும் 10 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 30 துண்டு போதும் என்றுதான் தோன்றும். மூன்றும் சம வாய்ப்பில் வந்தால்கூட, மூன்றிலும் பத்து நிறைய சராசரியாக 38 துண்டு வரை சேர்க்க வேண்டியிருக்கும். கம்பி 14 இருக்கும், பூட்டு 8-இல் நிற்கும். உபரியான 8 துண்டும் அடுத்த விரிவாக்கம் வரை இடத்தை அடைத்துக்கொண்டே இருக்கும். கிடங்கு நிறைந்த நிலையில் தேவையான பூட்டே குமிழியில் வந்தாலும் எடுத்து வைக்க இடம் இருக்காது. திட்டமிட்டு ஆடுபவரையும் தண்டிக்கிற இந்த ஏற்பாட்டை எவ்வளவு பொறுமையாக யோசித்தாலும் நியாயப்படுத்த முடியவில்லை.

நெருக்கடியைத் தளர்த்த வழிகள் உண்டு. கடை வரிசையில் பொருளைப் போட்ட நொடியே அதற்கான மூலப்பொருள் கிடங்கிலிருந்து கழிந்துவிடும். பெயிண்டுக்கு 2 உலோகம், 1 கனிமம், 2 ரசாயனம், ஆக ஐந்து இடம் காலியாகி, பின்னால் வருவது ஒன்று. துளைப்பானும் அப்படித்தான், ஐந்து போய் ஒன்று. சமையல் பாத்திரம் ஆறு இடத்தை விழுங்கி ஒன்றாகத் திரும்பும். நாற்காலி, மேசை போன்றவை ஏற்கெனவே கடையில் செய்த பொருளைக் கேட்பதால், இன்னும் அதிக நேரத்தின் உழைப்பை ஓர் இடத்துக்குள் அடக்கும். கிடங்கு நிறைந்தால் முதல் வேலை விற்பது என்று நினைக்க வேண்டாம், கடை வரிசைகளை நிரப்புங்கள்.

அடுத்தது, ஃபேக்டரியில் முடிந்த பொருளை எடுக்காமல் விட்டால் அது கிடங்கில் சேராது, அந்த ஃபேக்டரி இடத்திலேயே நிற்கும். வெளியே போகும் முன் எல்லாவற்றையும் அள்ளிவிட வேண்டும் என்ற அவசரம் வேண்டாம். நீண்ட நேரப் பொருளை அங்கேயே விட்டு வைக்கலாம். அந்த இடம் வேலை செய்யாமல் முடங்கும் என்பதுதான் அதற்குக் கொடுக்கும் விலை. 100 இடம் உள்ள கிடங்குக்கு நான் சொல்லும் பங்கீடு: மூலப்பொருள் 40-ஐத் தாண்டக் கூடாது, கடைப் பொருள் 35, விரிவாக்கத் துண்டுகள் 25. உலோகமும் மரமும் பிளாஸ்டிக்கும் சேர்த்தே 20 போதும்.

துண்டு தேடும் நேரத்தில் மற்ற ஆட்டக்காரர்கள் விற்கும் பொருள்கள் தெரியும் உலக வணிக மையத்தை அடிக்கடி திறந்து பாருங்கள். அங்கே தெரியும் கேமராவைத் தொட்டு அந்த நகரத்துக்குப் போவதற்குள் வேறு யாராவது வாங்கியிருப்பார்கள். உடனே திரும்பி வந்துவிடாமல், விற்றவருடைய வணிகக் கிடங்கில், அதாவது அவர் பொருளை விலைக்கு வைக்கும் இடத்தில், மற்ற தட்டுகளையும் ஒரு கண் பார்க்க வேண்டும். கேமராவை விற்க வைத்தவர் பூட்டும் கம்பியும் வைத்திருப்பது சாதாரணம்.

இனி பணம். எந்தக் காத்திருப்பையும் சிம்கேஷ் (உண்மையான பணம் கொடுத்து வாங்கக்கூடிய கேம் நாணயம்) கொடுத்துத் தாண்டலாம், குறைகிற பொருளையும் அதிலேயே வாங்கலாம். எவ்வளவு சின்னக் காத்திருப்போ, அவ்வளவு நட்டம் என்பது இந்த வகைக் கேம்களில் பொதுவாகப் பார்ப்பது. இதற்கு வெளிப்படையான எடுத்துக்காட்டு 2012-இல் வந்த கிளாஷ் ஆஃப் கிளான்ஸ். அங்கே 1 நிமிடத்தைத் தாண்ட 1 ஜெம், 1 மணிக்கு 20, 1 நாளுக்கு 260, 1 வாரத்துக்கு 1000. மணிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் நிமிடக் கணக்கில் 60 ஜெம், நாள் கணக்கில் 11-க்குள், வாரக் கணக்கில் 6-க்குள். "இன்னும் ரெண்டு நிமிஷம்தானே" என்று விரல் போகும் இடத்தில்தான் அதிக விலை கொடுக்கிறோம். காசு கொடுத்துத் தாண்டுவதாக இருந்தால் நீண்ட காத்திருப்பை மட்டும் தாண்டுங்கள். 9 நிமிடப் பிளாஸ்டிக்குக்கு சிம்கேஷ் போட்டுவிடாதீர்கள்.

லெவல் ஏற ஏற எல்லாம் கனமாவது ஏன் என்பதற்கும் கணக்கு உண்டு. ஒரு செலவு ஒவ்வொரு முறையும் 15 விழுக்காடு மட்டும் கூடுகிறது என்று கொள்வோம். 20 முறை கூடியபின் அது முதல் விலையைப் போல 16 மடங்குக்கு மேல். வருமானமோ வீடு ஒன்றுக்கு இவ்வளவு என்று ஒரே சீராக ஏறுகிறது. முதல் மாதத்தில் இரண்டும் கைகோத்துப் போவதுபோல் இருக்கும், அதற்குப்பின் செலவு ஓடிவிடும். வைரம், ஜெம், கேஷ் என்று இடையில் ஒரு நாணயத்தை வைப்பதால் இந்த ஓட்டம் உண்மையான பணத்தில் எவ்வளவு என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. கேமுக்குள் விற்கும் பொருளின் விலையை உண்மையான பணத்திலும் காட்ட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்புகள் 2025 மார்ச்சில் வழிகாட்டியதை முழு மனதோடு வரவேற்கிறேன். எல்லா நாட்டிலும் வர வேண்டியது இது.

பில்ட்இட்டில் இந்தச் சுமையைத் தள்ளிப்போட நம் கையில் ஒரு பிடி இருக்கிறது. லெவல் ஏறினால்தான் புதிய பொருள்கள் திறக்கும், திறந்தால்தான் வீடுகள் அவற்றைக் கேட்கும். லெவல் ஏறுவது பெரும்பாலும் வீடுகளை அப்கிரேட் செய்வதால். ஆகவே அப்கிரேட்டை நிறுத்தி வையுங்கள். எளிய பொருள்களைச் செய்து விற்று சிமோலியன் சேருங்கள், கிடங்கை விரியுங்கள், தேவையான சேவைக் கட்டிடங்களுக்குப் பணம் ஒதுங்கியபிறகு ஐந்தாறு வீடுகளை ஒரே மூச்சில் உயர்த்துங்கள். முதல் சில வாரம் மந்தமாக இருக்கும். ஆனால் தீயணைப்பு நிலையம் இல்லாமல் வீடுகள் காலியாகி, வரி குறைந்து, நிலையம் வாங்கவே பணம் இல்லாமல் போகும் சுழலில் சிக்க மாட்டீர்கள்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்கிறேன். ஒரு காசும் கொடுக்காமல் இந்த கேமைப் பெரிய நகரம் வரை ஆட முடியும். அப்படி ஆடுபவர்கள் நிறைய. கட்டிடம் எழும்பும்போது கிரேன் சுற்றுவது, இரவில் ஜன்னல் ஜன்னலாக வெளிச்சம் வருவது, கையால் நகரத்தைச் சுழற்றிப் பார்ப்பது எல்லாம் இத்தனை வருடம் கழித்தும் அலுக்கவில்லை. பொருள் சங்கிலியும் அழகாக யோசித்தது. மரம் பலகையாகி ஏணியாகி ஒரு கோபுரத்துக்குள் போய்ச் சேரும்போது கிடைக்கும் நிறைவு உண்மையானது. அந்தக் கிடங்கு மட்டும் இப்படி இல்லாதிருந்தால் யோசிக்காமல் பரிந்துரைப்பேன்.

வீட்டில் குழந்தைகளும் அதே போனைத் தொடுவார்கள் என்றால் இன்ஸ்டால் செய்த கையோடு பூட்டுப் போடுங்கள். ஐபோனில் அமைப்புகள், ஸ்கிரீன் டைம், உள்ளடக்க மற்றும் தனியுரிமைக் கட்டுப்பாடுகள் என்று போய், ஸ்டோரில் வாங்குவதற்கான பகுதியில் ஆப்புக்குள் வாங்குவதை நிறுத்திவிடலாம். ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோர் அமைப்புகளில் ஒவ்வொரு வாங்கலுக்கும் சரிபார்ப்பு கேட்கும்படி வைக்க வேண்டும். 30 நிமிடத்துக்கு ஒருமுறை என்ற தேர்வு போதாது.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். இப்படிப்பட்ட நகரம் சர்வரில் இருக்கிறது. 2012-இல் வந்த தி சிம்ப்சன்ஸ்: டேப்டு அவுட் 2025 ஜனவரி 24-இல் மூடப்பட்டபோது, பன்னிரண்டு வருடம் காத்திருந்து கட்டிய ஊர்களும் அதோடு போயின. இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் 2018-இல் வந்த பாக்கெட் சிட்டி இருக்கிறது. முழுப் பதிப்பை ஒரு தடவை வாங்கினால் போதும், காத்திருப்பு டைமர் கிடையாது, இணையம் இல்லாமலும் ஓடும். பில்ட்இட்டின் மினுமினுப்பு அதில் இல்லை. பொருள் சங்கிலியின் சுவையும் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் ஆட நினைத்தால் மூன்று மணி நேரமும் ஆடலாம். பில்ட்இட்டில் அதே மூன்று மணியில் பத்து நிமிடம் ஆடி, மிச்ச நேரம் டைமரைப் பார்த்திருப்போம்.

ஆக, புதிதாகக் கேட்பவர்களுக்கு என் பதில்: தொடங்க வேண்டாம், பாக்கெட் சிட்டியை வாங்குங்கள். இவ்வளவு பாராட்டியபின் இப்படிச் சொல்வது முரண் என்று தெரியும். இருந்தாலும் 14 கம்பியையும் 8 பூட்டையும் பார்த்துக்கொண்டு வேறு பதில் சொல்ல மனம் வரவில்லை. ஏற்கெனவே பாதி நகரம் கட்டிவிட்டவர்கள் அழிக்க வேண்டாம். அடுத்த லெவலுக்கு ஓடாமல், உபரித் துண்டுகளை ஐந்தைந்தாக வணிகக் கிடங்கில் விலைக்கு வையுங்கள். வரும் சிமோலியனில் குறைகிற துண்டை வாங்கி, கிடங்கை இரண்டு படி உயர்த்தியபிறகு வீடுகளைத் தொடுங்கள்.