ஒப்பிலக்கியமா, உலக இலக்கியமா: முதுகலைக்கு எதை எடுப்பது?

ஒப்பிலக்கியம், உலக இலக்கியம் என்ற இரண்டு படிப்புகளின் அறிமுகக் குறிப்புகளையும் அடுத்தடுத்துப் படித்தால் பெரிய வேறுபாடு தெரியாது. எல்லை கடந்த வாசிப்பு, கோட்பாடு, மொழிபெயர்ப்பு, பின்காலனியம் என்று அதே சொற்கள்தான் இரண்டிலும் வரும். சேர்க்கை விதிகளில் மொழி பற்றிய பத்தியைப் பாருங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும். ஒப்பிலக்கியத் துறைகள் பெரும்பாலும் குறைந்தது இரண்டு மொழிகளில் மூலநூல் வாசிக்கும் திறனை எதிர்பார்க்கின்றன. உலக இலக்கியப் படிப்புகள் பலவற்றில் பயிற்றுமொழி ஒன்று தெரிந்தாலே போதும், மற்றதை மொழிபெயர்ப்பு பார்த்துக்கொள்ளும்.

ஒரே நூலை இரண்டு துறைகளிடமும் கொடுத்துப் பார்ப்போம். தாகூரின் ஆங்கில கீதாஞ்சலி ஐரிஷ் கவிஞர் யேட்ஸின் முன்னுரையோடு 1912-இல் லண்டனில் வெளிவந்தது. அடுத்த ஆண்டே நோபல் பரிசு. அதிலுள்ள 103 பாடல்களில் ஏறக்குறையப் பாதிதான் 1910-இல் வந்த வங்காள கீதாஞ்சலியைச் சேர்ந்தவை. மற்றவற்றைத் தம்முடைய வேறு தொகுப்புகளிலிருந்து தாகூரே எடுத்துச் சேர்த்தார். எல்லாவற்றையும் ஆங்கில உரைநடையாக்கினார். ஒப்பிலக்கிய மாணவர் வங்காளத்தையும் ஆங்கிலத்தையும் அருகருகே வைத்து, யாப்பு கழன்றபோது எது போயிற்று, எது புதிதாக நுழைந்தது என்று வரிவரியாகப் பார்ப்பார். உலக இலக்கிய மாணவரின் கேள்வி வேறு. யேட்ஸின் முன்னுரை வாசகரை எப்படிப்பட்ட கவிஞருக்குத் தயார்ப்படுத்தியது? பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்த்ரே ஜீத் இதைப் பிரெஞ்சுக்குக் கொண்டுபோனது ஆங்கிலத்திலிருந்துதான். அப்படியானால் பிரெஞ்சு வாசகர் படித்தது யாருடைய தாகூரை?

உலக இலக்கிய மாணவரின் இந்தக் கேள்வி மேலோட்டமானது என்று நினைக்கும் பழைய பேராசிரியர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜெர்மன் கவிஞர் கதே 1827-இல் தம் உதவியாளர் எக்கர்மானிடம் உலக இலக்கியத்தைப் பற்றிப் பேசியதே, மொழிபெயர்ப்பில் ஒரு சீன நாவலைப் படித்துக்கொண்டிருந்த நாட்களில்தான். அமெரிக்க இலக்கிய ஆய்வாளர் டேவிட் டாம்ரோஷ் 2003-இல் இதைக் கூர்மையாக்கினார்: பிறந்த பண்பாட்டுக்கு வெளியே நடமாடும் நூலே உலக இலக்கியம், அந்த நடமாட்டத்தையும் படிக்க வேண்டும் என்றார். இத்தாலிய இலக்கிய ஆய்வாளர் ஃபிராங்கோ மொரெட்டி 2000-த்தில் இன்னும் துணிந்து, உலக நாவலை ஒருவர் படித்து முடிக்கவே முடியாது, எனவே பிறர் செய்த ஆய்வுகளைத் தொகுத்துத் தூரத்திலிருந்து பார்ப்போம் என்றார். பதிப்பகப் பட்டியல், பரிசுக் குழு, மதிப்புரை, முன்னுரை ஆகியவற்றை ஆய்வுப்பொருளாகக் கொள்ள விரும்புகிறவருக்கு இந்தப் பக்கம்தான் விருந்து.

ஆனாலும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் ஒப்பிலக்கியத்தின் பக்கம் சாய்வேன். இலங்கைத் தமிழ்த் திறனாய்வாளர் கைலாசபதி பர்மிங்காமில் ஆய்வு செய்து 1968-இல் வெளியிட்ட நூல், சங்க வீரப்பாடல்களை ஹோமரின் மரபோடு வைத்துப் பார்த்தது. ஒன்று மற்றொன்றைப் பாதித்தது என்பது அங்கே வாதமே இல்லை. தொடர்கள் திரும்பத் திரும்ப வரும் விதத்தை வைத்து வாய்மொழி மரபை நிறுவுவதுதான் நோக்கம். சங்கப் பாடல்கள் வாய்மொழிப் பாடல்கள்தாமா என்று பின்னால் மறுப்பு கிளம்பியது. யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும், அந்தச் சண்டையில் இறங்க மூலமொழி தெரிய வேண்டும். மொழிபெயர்ப்பில் படிப்பவர் வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான். நூல்களின் பயணத்தை ஆராய்கிறவருக்கும் இது பொருந்தும்: வங்காளம் தெரியாதவரால் யேட்ஸ் எதைக் கவனிக்கவில்லை என்று சொல்லிவிட முடியுமா?

ஒப்பிலக்கியமும் பத்தினித் துறை அல்ல. 1877-இல் ஹூகோ மெல்ட்ஸ்ல் என்ற அறிஞர் இன்னொருவரோடு கூட்டாகத் தொடங்கிய, அத்துறையின் முதல் ஆய்விதழ் பத்து மொழிகளை இலட்சியமாகப் பிடித்தது. பத்தும் ஐரோப்பிய மொழிகள். பிறகு யார் யாரிடமிருந்து எதைப் பெற்றார் என்ற வரவு செலவுக் கணக்கிலேயே பல காலம் கழிந்தது. 1958-இல் ஒப்பிலக்கிய அறிஞர் ரெனே வெல்லக் அதை இலக்கியங்களின் வெளிவாணிபம் என்று கிண்டலடித்தார்.

வேலை வாய்ப்பில் இரண்டுக்கும் பெரிய ஏற்றத்தாழ்வு கிடையாது. ஆசிரியர் பணியிடங்கள் அநேகமாக மொழித் துறைகளின் பெயரில்தான் வருகின்றன. முனைவர் பட்டத்துக்குப் போகிறவருக்கு மட்டும் ஒப்பிலக்கியத்தின் மொழித் தேர்ச்சி நேரடியாகக் கைகொடுக்கும்.

இரண்டாவது மொழி இப்போது கைவசம் இல்லாதவர் உலக இலக்கியத்தை எடுப்பதில் தவறில்லை. ஆனால் ஓராண்டுப் படிப்பை எடுக்காதீர்கள். அந்த அவகாசத்தில் புதுமொழி ஒன்று இலக்கியம் வாசிக்கும் அளவுக்கு வராது. மொழி வகுப்புக்கு மதிப்பெண் தரும் ஈராண்டுப் படிப்பாகத் தேடுங்கள். சேரும் முன் பாடநூல் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அதில் மொழிபெயர்ப்பாளர் பெயர்களே இல்லையென்றால், அந்தத் துறை மொழிபெயர்ப்பை நம்பி நடக்கிறதே தவிர ஆராயவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.