ஆர்ட் க்ளே சில்வர்: டாலருக்கும் தோட்டுக்கும் அருமை, மோதிரத்துக்கு யோசிக்க வேண்டும்

ஜப்பானில் தயாராகும் ஆர்ட் க்ளே சில்வர், நுண்ணிய வெள்ளித் தூளோடு தண்ணீரும் எரிந்து போகும் பசையும் சேர்த்துப் பிசைந்த மண். சுட்டால் துகள்கள் உருகாமலே இறுகி, 99.9 சதவீத வெள்ளி மிஞ்சும். பட்டறை வசதி இல்லாமல் சாப்பாட்டு மேஜையில் வெள்ளி நகை செய்ய நினைப்பவர்களுக்குத் தாராளமாகச் சொல்லலாம். எல்லா நகைக்கும் இது ஆகாது.

இதன் பெரிய பலம் அச்சு விழும் அழகு. வேப்பிலையின் பின்பக்கத்தை அழுத்தினால் நரம்பு நரம்பாகப் பதியும். இரு பக்கமும் நாலு நாலு விளையாட்டுச் சீட்டு அடுக்கி, நடுவில் மண்ணை வைத்து உருட்டினால் கனம் சுமார் 1 மி.மீ. வரும், டாலருக்கு அதற்குக் கீழே போகாதீர்கள். கையில் ஒரு சொட்டு எண்ணெய் போதும், கூடினால் மடிப்புகள் ஒட்டாமல் பிளக்கும். ஃபேனை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் ஓரம் காய்ந்து விரியும். விரிசலில் அதே மண்ணைத் தண்ணீரில் குழைத்துத் தடவினால் அடைபடும். அலுமினியத் தட்டு பக்கமே கொண்டுபோகக் கூடாது, வெள்ளி கெட்டுவிடும்.

உள்ளே ஈரம் இருந்தால் நெருப்பில் நீராவி கிளம்பி உப்பி வெடிக்கும். லேசாகச் சூடாக்கிய துண்டை முகம் பார்க்கும் கண்ணாடி மேல் வைத்து எடுங்கள். ஆவி படிந்தால் இன்னும் காயவில்லை. உப்புத்தாள் தேய்ப்பதை இந்தக் கட்டத்திலேயே முடித்துவிட வேண்டும். சுட்டபின் அது முழு வெள்ளி, கை வலிக்கும். தேய்த்த தூளைக் கொட்டாதீர்கள், விரிசல் அடைக்க உதவும்.

கில்னில் (சூளையில்) 650 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் அல்லது 780-ல் 5 நிமிடம் சுட்டால் போதும். கில்ன் இல்லாவிட்டால் 25 கிராமுக்கு உட்பட்ட துண்டைச் சூளைச் செங்கல் மேல் வைத்து பியூட்டேன் டார்ச்சில் சுடலாம். முதலில் புகையும் சின்னத் தீயும் வரும். அறை விளக்கைக் குறைத்தால் துண்டு காவி கலந்த இளஞ்சிவப்பாக ஒளிர்வது தெரியும். அந்த நிறத்தை 2 நிமிடமாவது விடாமல் பிடியுங்கள். மேல்பரப்பு பளபளவென்று மினுங்கினால் தீயை உடனே விலக்குங்கள், 961 டிகிரியில் வெள்ளி உருகிவிடும். அரைகுறையாகச் சுட்டது பார்வைக்கு ஒரு குறையும் காட்டாது. வளைத்தால் பிஸ்கட் மாதிரி ஒடியும்.

சுட்டு எடுத்ததும் வெளுத்திருக்கும். சோப்புத் தண்ணீரில் பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் வெள்ளி தெரியும். சி.இசட். (க்யூபிக் ஜிர்கோனியா என்ற செயற்கைக்) கல்லும் செயற்கை மாணிக்கமும் மண்ணோடு சேர்ந்தே சூடு தாங்கும், தண்ணீரில் மட்டும் போட்டுக் குளிர வைக்காதீர்கள். முத்து, பவழம் தாங்காது; சுட்டபின்தான் பதிக்க வேண்டும். மாட்டும் வளையத்துக்கு 999 (99.9 சதவீத) வெள்ளிக் கம்பியே வையுங்கள், 925 (92.5 சதவீத) கம்பி சூட்டில் கறுத்து நொறுங்கும்.

மோதிரத்தில்தான் தகராறு. சுட்டால் 8 முதல் 10 சதவீதம் சுருங்கும், ஆகவே உள்விட்டம் 18 மி.மீ. வேண்டுமென்றால் ஏறக்குறைய 19.8-ல் செய்ய வேண்டும். அளவு சரியாக வந்தாலும், துகள்களுக்கிடையே நுண்துளை இருப்பதால் அடித்து நீட்டிய தகட்டின் உறுதி வராது. தினமும் போடும் மெல்லிய மோதிரம், வளையல், சங்கிலி ஆகியவற்றை ஆசாரியிடம் விட்டுவிடுங்கள்.

விலை வெள்ளி விலையைப்போலப் பல மடங்கு. முதலில் சின்னப் பொட்டலம் வாங்குங்கள். பிரித்ததைப் பிளாஸ்டிக் தாளில் இறுகச் சுற்றி, ஈர ஸ்பாஞ்சோடு மூடிய டப்பாவில் வையுங்கள். கட்டியாகிவிட்டாலும் இடித்துத் தூளாக்கி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் திரும்ப வேலைக்கு ஆகும்.